அப்பாவின் கட்டியில் ‘மரபணு மாற்றம்’ என்றால் பிள்ளைகளுக்கும் வருமா?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது, தக்காளி விவசாயி. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் ஓட்டிவிட்டார்கள். பிறகுதான் பெருங்குடலின் இடது பக்கம், சிக்மாய்டு பகுதியில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது கல்லீரலில் மூன்று புள்ளி. கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டில் ‘கேராஸ் மரபணுவில் ஜி12டி மாற்றம் உள்ளது, என்ராஸ், பிராஃப், ஹெர்-2 மரபணுக்களில் மாற்றம் இல்லை, எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் உள்ளன, எம்எஸ்எஸ்’ என்று இருக்கிறது. ‘மரபணு மாற்றம்’ என்ற சொல்லைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் “அப்போ இது பரம்பரை வியாதி” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தங்கைக்குத் தாய்மாமன் மகனோடு பேசிவைத்திருந்த சம்பந்தம் தொங்கலில் நிற்கிறது. போதாததற்கு, அப்பாவின் அக்கா 46 வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தவர். எங்களுக்கும் வருமா, டாக்டர் ஏன் ஒரு ஊசியை “இவருக்கு வேலை செய்யாது” என்றார், எங்கள் ஊர்த் தண்ணீர்தான் காரணமா என்பவை கேள்விகள்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரி. பதினாறு வருடமாகப் பெங்களூரில் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளைத் தயாரிக்கும் கூடத்தில் வேலை. மருந்து எழுதுகிறவள் இல்லை. ரிப்போர்ட் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைச் சொல்ல முடியும்.

தம்பி, முதலில் உங்கள் தங்கை விஷயம். கேராஸ் ஜி12டி அப்பா அவருடைய அப்பாவிடமிருந்து வாங்கியது இல்லை, உங்களுக்குக் கொடுத்ததும் இல்லை. அது அந்தக் கட்டிக்குள் மட்டும் நடந்தது. நம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி இலை விடும், காய் வேறாக இருக்கும். அந்தக் கிளை முளைத்தபோது அங்கே ஏற்பட்ட மாறுதல் அது; மற்ற கிளைகளில் இருக்காது. மரம் முளைத்த கொட்டையிலேயே மாறுதல் இருந்தால் கதை வேறு, கிளைக்குக் கிளை இருக்கும். உங்கள் அப்பாவின் கேராஸ் கிளையில் வந்தது. பரம்பரைப் புற்றுநோய் என்பது கொட்டையில் வருவது. இரண்டையும் தமிழில் ‘மரபணு மாற்றம்’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். ‘மரபு’ என்ற சொல் உள்ளே இருப்பதால் கேட்டவுடன் பரம்பரை என்று தோன்றிவிடுகிறது. உங்கள் உறவுக்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது, படித்தவர்களே இதில் குழம்புவதை வாராவாரம் பார்க்கிறேன்.

அந்த மாறுதல் எப்படி வந்தது? குடலின் உட்பக்கத் தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் செல் பிரியும்போது முந்நூறு கோடி எழுத்துக் கொண்ட டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும். அதில் பிழை விழும், பெரும்பாலும் திருத்தப்பட்டுவிடும், சிலது தங்கிவிடும். 1990-இல் ஃபியரோன், வோகல்ஸ்டைன் என்ற இருவர் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒரு வரிசை சொன்னார்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்ற மரபணு. அது ஒரு கடிவாளம் மாதிரி. அறுந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு மொட்டு, அதாவது பாலிப், கிளம்பும். அப்புறம் கேராஸ் மாறும், பாலிப் பெரிதாகும். பிறகு டிபி-53 போன்ற காவல் மரபணுக்கள் விழும், அது புற்றாகும். எல்லோருக்கும் இதே வரிசை இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் சின்ன பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும் என்பது இன்றைக்கும் நிற்கிறது. அந்தப் பத்து வருடத்துக்குள் கொலோனோஸ்கோப்பியில், அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையில், பாலிப்பைப் பார்த்துக் கிள்ளி எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும்.

ஊசிக் கேள்வி. டாக்டர் சொன்னது செடுக்ஸிமாப் அல்லது பானிடுமுமாப் ஆக இருக்கும். உங்கள் வயலில் செல்போன் ஸ்டார்ட்டர் போட்டிருப்பீர்கள். வீட்டிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும், மறுபடி போட்டால் நிற்கும். சில சமயம் ஸ்டார்ட்டருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்டர் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனில் எத்தனை முறை நிறுத்தினாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். செல்லின் மேல்பரப்பில் இருக்கும் இஜிஎஃப்ஆர் என்ற புரதம்தான் அந்தப் போன் சிக்னலை வாங்குவது. உள்ளே இருக்கும் கேராஸ்தான் காண்டாக்டர். செடுக்ஸிமாப் வெளியே சிக்னலைத் தடுக்கும். கேராஸ் ஒட்டிக்கொண்ட கட்டியில் அதனால் எந்தப் பயனும் இல்லை. சில சிகிச்சைக் கூட்டுகளில் கெடுதல்கூட நடந்திருக்கிறது. ஜி12டி என்றால் அந்தப் புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்ட்டிக் ஆசிட் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு மாற்றத்தில் காண்டாக்டர் ஒட்டிக்கொள்கிறது.

செடுக்ஸிமாப் அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்றது. கேராஸ் மாறியவர்களுக்கு அது வேலை செய்யாது என்று உறுதியானது 2008 வாக்கில்தான். இடைப்பட்ட வருடங்களில் எத்தனையோ பேர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் பரு வந்து, பணமும் போய், பலன் எதுவும் இல்லாமல் இருந்தார்கள். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கேராஸ் மாற்றம் உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் டாக்டர் “வேலை செய்யாது” என்றது கைவிட்டதாக அர்த்தம் இல்லை. தேவையில்லாத செலவையும் வேதனையையும் மிச்சப்படுத்தினார்.

சரி, அப்போது என்ன இருக்கிறது? கீமோ இருக்கிறது: ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி, கேப்பாக்ஸ் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். கூடவே பெவாசிசுமாப் ஊசி. இது கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பது. கேராஸ் எப்படி இருந்தாலும் பயன்படும். இதன் உயிரொப்பு மருந்துகளை, அதாவது மூல மருந்தைப் போலவே செய்யும் பயோசிமிலர்களை, இந்தியக் கம்பெனிகளே பல செய்வதால் முன்னைவிட விலை குறைந்திருக்கிறது.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்கும் கேள்வி இதில் எதுவும் இல்லை. “மூன்று புள்ளிதானே, வெட்டி எடுக்க முடியுமா?” என்றுதான் கேட்பேன். பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் போனபின்பும் வெட்டி எடுத்துக் குணமாக வாய்ப்புள்ள அபூர்வமான புற்றுநோய்களில் ஒன்று. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு வெட்டுவதும் உண்டு. கேராஸ் மாற்றம் இருந்தால் பலன் கொஞ்சம் குறைவு என்பார்கள், அது உண்மை. ஆனால் ஆபரேஷனே கூடாது என்று அது சொல்லவில்லை. கல்லீரல் ஆபரேஷன் செய்கிற சர்ஜன் ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்க்க வேண்டும், ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்தால் போதாது. ஜீன் டெஸ்ட்டுக்காக அலைகிற குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேராஸுக்கே நேரடி மருந்து இல்லையா என்றால், நாற்பது வருடமாக இல்லை. மருந்து போய் ஒட்டிக்கொள்ளப் பிடிமானமே இல்லாத வழவழப்பான புரதம் என்று எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். 2021-இல் முதல் மருந்து சோடோராசிப் வந்தது. ஆனால் அது ஜி12சி என்ற வகைக்கு மட்டும், அதுவும் முதலில் நுரையீரல் புற்றுநோய்க்கு. உங்கள் அப்பாவுடையது ‘டி’, ‘சி’ இல்லை. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், ஆனாலும் அந்த மருந்து இதில் ஒட்டாது. ஜி12டி-க்கான மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. யாராவது “கேராஸ் மாத்திரை வந்திருக்கிறது, வாங்கித் தருகிறேன்” என்றால் எந்த எழுத்துக்கு என்று கேளுங்கள்.

மாற்றத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உறுப்பு மாறினால் மருந்தின் போக்கே மாறிவிடும். பிராஃப் வி600இ என்ற மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் புற்றுநோயான மெலனோமாவில் பிராஃபை அடைக்கும் மாத்திரை கொடுத்தால் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. அதே மாத்திரையை, அதே மாற்றம் உள்ள குடல் புற்றுநோய்க்குக் கொடுத்தபோது வெகு சிலருக்கே கேட்டது. காரணம் 2012-இல் தெரிந்தது: குடல் செல்லில் பிராஃபை அடைத்ததும் மேலே இஜிஎஃப்ஆர் விழித்துக்கொண்டு வேறு லைனில் கரண்ட் அனுப்பிவிடுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும். எங்கோராஃபெனிப் மாத்திரையோடு செடுக்ஸிமாப் ஊசி என்ற கூட்டு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அப்படித்தான். நுரையீரல் புற்றுநோயில் சிலருக்கு இஜிஎஃப்ஆரே மாறியிருக்கும். புகையே பிடிக்காத நம் ஊர்ப் பெண்களிடம் அதிகம் பார்ப்பது அது. அங்கே ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் என்று தினம் ஒரு மாத்திரையில் நடமாடுகிறவர்கள் உண்டு. ரத்தப் புற்றுநோயில் சிஎம்எல் என்ற வகைக்கு 2001-இல் வந்த இமாடினிப்தான் இந்த மாதிரி மருந்துகளுக்கெல்லாம் மூத்தது. அதன் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸின் மனுவை 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த மாத்திரை இந்தியாவில் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதில் அந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு. ஆகவே “பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுத்தார்களே, அப்பாவுக்கு ஏன் கீமோ” என்று ஒப்பிட வேண்டாம்.

இனி பரம்பரை. நீங்கள் கவலைப்பட வேண்டிய வரி கேராஸ் இல்லை என்றேன். கவனிக்க வேண்டிய வரி ‘எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் உள்ளன’ என்பது. நல்ல செய்தி அங்கேதான் இருக்கிறது, யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை போல.

டிஎன்ஏ பிரதி எடுக்கும்போது பிழை விழும் என்றேனே, அதைத் திருத்தும் வேலைதான் எம்எம்ஆருடையது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர் மாதிரி. எம்எல்எச்-1, எம்எஸ்எச்-2, எம்எஸ்எச்-6, பிஎம்எஸ்-2 என்று நான்கு பேர். இவர்களில் ஒருவர் பிறவியிலேயே கெட்டு வந்தால் அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். 1913-இல் ஆல்டிரட் வார்த்தின் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவரிடம் தையல் வேலை செய்த பெண், “எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு, குடல், கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்” என்று சொல்லியிருந்தாராம். கர்ப்பப்பைப் புற்றுநோயிலேயே இறந்தார். ஹென்றி லிஞ்ச் 1960-களில் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்ததால் அவர் பெயர் நின்றுவிட்டது. லிஞ்ச் உள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேர் போல இந்த வகை.

உங்கள் அப்பாவின் கட்டியில் நான்கு புரதமும் இருக்கின்றன, எம்எஸ்எஸ் என்றும் வந்திருக்கிறது; டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சின்னத் துண்டுகள் குலையாமல் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. லிஞ்ச் கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லலாம். கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன், இந்தச் சோதனை அபூர்வமாகச் சிலரைத் தவறவிடும். இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. எம்எம்ஆர் கெட்ட கட்டிகளில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதால் நம் எதிர்ப்பு சக்திக்கு அவை அந்நியமாகத் தெரியும். பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி அதில் அற்புதமாக வேலை செய்கிறது. 2022-இல் நியூயார்க்கில் இந்த வகை மலக்குடல் புற்றுநோயாளிகள் பன்னிரண்டு பேருக்கு டோஸ்டார்லிமாப் கொடுத்ததில் பன்னிரண்டு பேருக்குமே கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது. எம்எஸ்எஸ் கட்டியில் அந்த ஊசி தனியாக வேலை செய்வதில்லை. யாராவது “இம்யூனோதெரபிக்குப் பணம் கட்டினால் பிழைத்துவிடுவார்” என்றால், நிலத்தை அடமானம் வைப்பதற்கு முன் இந்த ரிப்போர்ட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அத்தை விஷயம். தமிழில் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வியாதி அடங்கியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் வருவது ஒன்று. எச்பிவி வைரஸால் வருவது, லிஞ்ச்சோடு சம்பந்தம் இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவரில், எண்டோமெட்ரியத்தில் வருவது இன்னொன்று. லிஞ்ச் குடும்பங்களில் பெண்களுக்கு வருவது அதுதான். கிராமத்தில் அந்தக் காலத்தில் 46 வயதுப் பெண்ணுக்கு வந்தது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். ஆனால் ஊகம் போதாது, தாள் இருந்தால் பார்க்க வேண்டும். உள்சுவரில் வந்தது என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன ‘கிட்டத்தட்ட’வை விட்டுவைக்காமல், அப்பாவின் ரத்தத்தில் பிறவி மரபணுச் சோதனை ஒன்று செய்வது நியாயம். கவனியுங்கள், உங்களுக்கோ தங்கைக்கோ இல்லை, முதலில் அப்பாவுக்கு. அவரிடம் எதுவும் இல்லை என்றால் அவரிடமிருந்து உங்களுக்கு வர வழியே இல்லை. வேலூர் சிஎம்சி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி இடங்களில் இதற்கு உட்கார்ந்து பேசிப் புரியவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் அக்கா மகளையும் மாமன் மகனையும் கட்டுவது இன்னும் நடக்கிறது. லிஞ்ச் மாதிரி வியாதிக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் ஒன்றுதான். எம்யூடிஒய்எச் என்ற மரபணுவால் வருகிற பாலிப் வியாதி அப்படி இல்லை. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் வரும்; அதற்கு சொந்தக் கல்யாணம் வாய்ப்பைக் கூட்டும். உங்கள் அப்பாவுக்கு அது இருப்பதாகத் தோன்றவில்லை. இருந்தால் பெரும்பாலும் குடலில் பத்து, ஐம்பது என்று பாலிப் இருந்திருக்கும். கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் எண்ணிக்கை எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன்: அந்த வியாதியில் வரும் கட்டிகளில் கேராஸ் மாறினால் பெரும்பாலும் ஜி12சி-யாக மாறும். சிகரெட் பிடிப்பவர் நுரையீரலிலும் அதிகம் காண்பது அதே ‘சி’. எது கெடுத்தது என்பதற்கு மாறிய எழுத்து ஒரு கைரேகை மாதிரி. இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டோம், ஆனால் உங்கள் அப்பாவின் ‘டி’ அந்தப் பக்கம் கைகாட்டவில்லை. தங்கை கல்யாணத்தை நிறுத்த இந்த ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை.

தண்ணீர் பற்றி. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம்தான். பல்லில் காவிக்கறையும், வயதானவர்களுக்கு வளைந்த எலும்பும் எதனால் என்று நமக்கே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃப்ளோரைடு குடல் புற்றுநோய் தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சாராயம், புகையிலை, உடல் பருமன், பதப்படுத்திய கறி ஆகியவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. வயலில் கடுமையாக உழைத்து, களியும் கீரையும் சாப்பிட்ட மனிதருக்கு ஏன் வந்தது என்று கேட்டால், செல் பிரியும்போது விழுந்த பிழை என்பதற்கு மேல் என்னிடம் பதில் கிடையாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பெற்றோர் ஒருவருக்கு 60 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்திருந்தால், பரம்பரை வகை இல்லை என்றாலும், பிள்ளைகள் 40 வயதில் ஒரு கொலோனோஸ்கோப்பி செய்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். உங்களுக்கும் தங்கைக்கும் இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் மலத்தில் ரத்தம் வந்தால் நாற்பது வரை காத்திருக்க வேண்டாம், மூலம் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். எல்லோரும் மறந்துவிடுவது அப்பாவின் கூடப்பிறந்தவர்களை. பெரியப்பா, சித்தப்பா, இன்னொரு அத்தை யாராவது இருந்தால் அவர்களுக்கு உங்களைவிட அவசரம், இந்த மாதமே அனுப்புங்கள்.

கேப்பாக்ஸில் கேபிசிட்டபின் மாத்திரை வரும். சிலருக்கு டிபிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் தேங்கி, வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் உயிருக்கே ஆபத்தாகும். இதற்கு டிபிஒய்டி டெஸ்ட் உண்டு, முதல் கீமோவுக்கு முன் கேட்டுப் பாருங்கள். பரம்பரைச் சோதனை என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பரம்பரைச் சோதனையைக் கேட்பதே இல்லை, உடனடிப் பயன் இதில்தான். அதோடு மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் கேபிசிட்டபினின் பக்கவிளைவைக் கூட்டும்.

நூற்றுக்கணக்கான ஜீன் பார்க்கும் பெரிய பேனல் டெஸ்ட்டை இப்போது வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பல பத்தாயிரம் ஆகும். முதல் சிகிச்சையை முடிவு செய்யத் தேவையான எல்லாம் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே வந்துவிட்டது. பின்னால் மருந்து மாற்ற வேண்டிய கட்டம் வந்தால் யோசிக்கலாம். ஆனால் பிளாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். என் சித்தப்பாவுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு சோதனை தேவைப்பட்டபோது, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் பிளாக் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கல்லீரலில் மறுபடி ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியதாயிற்று. எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கி வாருங்கள். வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள். தகர வீட்டுப் பரணில் வைத்தால் மே மாதத்தில் மெழுகு இளகிவிடும்.

அத்தையின் பழைய டிஸ்சார்ஜ் தாளோ பயாப்ஸி தாளோ மாமா வீட்டில் கிடைத்தால் ‘செர்விக்ஸ்’ என்று இருக்கிறதா ‘எண்டோமெட்ரியம்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை தெரிந்தால் அப்பாவுக்கு ரத்தச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடலாம்.